பேண்டேஜ் ஷெட்டில் அமெரிக்கப் போர்

அமெரிக்கா இரண்டாகப் பிளந்து தனக்குள்ளேயே சண்டை போட்ட கதையை நான் படித்தது முப்பத்தெட்டாவது வயதில். அப்போது இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காயத்துக்குக் கட்டுகிற துணியை வெட்டி, மடித்து, கவரில் போடுகிற வேலை. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோன படிப்பை அஞ்சல் வழியில் தொடர்ந்து, பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டுக்கு வந்திருந்தேன். அமெரிக்க வரலாறு ஒரு தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வகுப்பு நடக்கும்.

"உள்நாட்டுப் போருக்கான காரணங்கள். இந்தக் கேள்வி வந்தே தீரும். அஞ்சு பாயிண்டையும் மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்றார் பாடம் எடுத்த சார்.

கையேட்டில் எல்லாம் சுருக்கமாக இருந்தது. வடக்கே தொழிற்சாலைகள், தெற்கே பருத்திக் காடுகள். அந்தக் காடுகளில் வேலை செய்தவர்கள் கறுப்பின அடிமைகள். அடிமை முறைக்கு முடிவு வந்துவிடும் என்று பயந்து தென் மாநிலங்கள் பிரிந்துபோயின. நாடு உடையக் கூடாது என்று வடக்கு போரிட்டது. வடக்கு வென்றது, அடிமைகள் விடுதலை பெற்றார்கள். நான்கு பக்கத்தில் அந்த மனிதர்களுக்குக் கிடைத்தது இரண்டு வரி.

நான் எழுந்து நின்றேன். "சார், சண்டை அத்தன வருசம் நடந்திருக்கு. அதுவரைக்கும் அந்த அடிமைங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். சார் கையேட்டைப் புரட்டிப் பார்த்தார். "அது பாடத்துல இல்லம்மா."

உட்கார்ந்துவிட்டேன். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கையேட்டின் மேல் கோபம் கோபமாக வந்தது. போருக்கே காரணமானவர்கள் போர் முடியும்வரை சும்மா கைகட்டி நின்றிருப்பார்களா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் ஒரு தடித்த நூலகப் புத்தகத்தோடு வந்தார். "நீங்க கேட்டதுக்கு எனக்கு பதில் தெரியல. ஒரு வாரமா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இதுல இருக்கு. இங்கிலீஷ்தான், மெதுவாப் படிங்க" என்று என்னிடம் கொடுத்தார்.

என் ஆங்கிலம் மருந்துப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கும் அளவுக்குத்தான். செல்போன் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலையில் உலை கொதிக்கிற நேரத்தில் ஒரு பக்கம், முடிந்தால் இரண்டு பக்கம் என்று படித்தேன். மாதக்கணக்கானது.

அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. வடக்குப் படை பக்கத்தில் முகாம் போட்டிருக்கிறது என்று தெரிந்தால், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, சதுப்பு நிலத்தையும் ஆற்றையும் கடந்து போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். இந்தப் போர் உங்களை விடுவிக்க அல்ல என்றுதான் வடக்கின் அரசு முதலில் சொன்னது. அப்படியும் திரண்டு வந்தார்கள். முகாமில் பதுங்குகுழி வெட்டினார்கள், சமைத்தார்கள், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு துப்பாக்கியும் ஏந்தினார்கள். விடுதலை என்று காகிதத்தில் எழுதப்படும் முன்பே இவர்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

படித்ததை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டில் சொல்வேன். பேக்கிங்கில் இருந்த பாய் வீட்டு அக்காவுக்குத்தான் ஆர்வம் அதிகம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே கேட்பார்: "ஏட்டி, நேத்து பச்சப்புள்ளையத் தூக்கிட்டு ஆத்தத் தாண்டுனாளே ஒருத்தி, அவ என்ன ஆனா?"

ஒரு நாள் ரோல் சுற்றுகிற அக்கா சலிப்போடு சொன்னார்: "நாம மட்டும் என்னவாம்? நாமளும் அடிமைதான்." எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இல்லக்கா. அவிய புள்ளைகளப் பறிச்சு வித்துருவாங்க. ஓடிப் போனா நாய விட்டுப் பிடிப்பாங்க. எழுத்துச் சொல்லிக் குடுத்தாக் கூட குத்தம். நாம இந்த வாசல் வழியாத்தான் வாரோம், பிடிக்கலன்னா இதே வழியா போயிரலாம். அந்த வார்த்தைய நமக்குச் சொல்லக் கூடாது."

"போயிட்டு? வேற எங்க போவ?" என்றார் அவர்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, துணி ரோல்கள் காணாமல் போகின்றன என்று சொல்லி, சூப்பர்வைசர் ஷட்டரை வெளியே பூட்டத் தொடங்கினார். காலையில் பூட்டினால் சாப்பாட்டு நேரத்தில்தான் திறப்பார். முதல் நாள் பூட்டு விழுந்த சத்தம் உள்ளே எல்லோருக்கும் கேட்டது. பேக்கிங் அக்கா கையில் இருந்த வேலையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"வாசல் வழியா போயிரலாம்னு அன்னைக்குச் சொன்னியே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் கூடுதலாகச் சுட்டது. அன்று முழுவதும் எனக்கு மடிப்பு கோணலாகவே விழுந்தது. நான் சொன்ன பேச்சை அந்தப் பூட்டு பொய்யாக்கிவிட்டது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அக்காவிடம் சொன்னேன்: "நாளைக்கு நான் உள்ள போக மாட்டேன்."

"வேலைய விடப் போறியா?"

"வேலையும் வேணும். பூட்டும் கூடாது."

"ஒருத்தியா நின்னா கிறுக்கும்பாங்க. நானும் நிக்கேன். இன்னும் நாலு பேர்கிட்ட பேசுதேன்."

மறுநாள் காலை பதினான்கு பேரில் ஒன்பது பேர் ஷட்டருக்கு வெளியே நின்றோம். ஐந்து பேர் உள்ளே போனார்கள். அவர்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், அதனால் வருத்தமில்லை. சூப்பர்வைசர் வந்தார்.

"என்ன, ஸ்ட்ரைக்கா?"

"இல்லண்ணே, வேலைக்குத்தான் வந்திருக்கோம். பூட்ட மாட்டேன்னு சொல்லுங்க, உள்ள வாரோம்."

"ரோல் காணாமப் போகுதே, அதுக்கு யார் பொறுப்பு?"

"வீட்டுக்குப் போகும்போது எங்க பையத் தொறந்து பாருங்க. ஆளு உள்ள இருக்கும்போது பூட்டாதீங்க. எங்க பாத்தாலும் பஞ்சுத் தூசி. ஒரு பொறி விழுந்தா எந்த வழியா வெளிய வருவோம்?"

"புக்கு படிச்சா இப்படித்தான் பேச வரும்."

"ஆமா" என்றேன். குரல் திடமாக வந்தது.

வெயில் ஏறியது. யாரும் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்து ரோல் சுற்றுகிற அக்கா வெளியே வந்தார். என் பக்கத்தில் வந்து நின்றார்.

முதலாளி வர மணி பதினொன்றாகிவிட்டது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் திரும்பினார். "ஆள உள்ள வச்சுப் பூட்டுனியா?" அவருக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரியாததுபோல் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "உள்ள போங்கம்மா. இனிமே இப்படி வாசல்ல நிக்கக் கூடாது" என்றார். அதற்கு யாரும் சரி என்று சொல்லவில்லை. உள்ளே போனோம்.

பிறகு ஷட்டர் பூட்டப்படவில்லை. சூப்பர்வைசர் மட்டும் என்னைக் கட்டிங் மேஜையிலிருந்து எடுத்து, தூசி கூட்டுகிற வேலையில் போட்டார். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கூட்டினேன். சளைத்துப்போய் அவரே திரும்ப மேஜைக்கு அனுப்பும்வரை ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

தேர்வில் சார் சொன்ன கேள்வியே வந்தது. ஐந்து காரணங்களையும் எழுதினேன். அதன் கீழே, கேட்காத ஆறாவதாக, அந்த மனிதர்கள் காட்டைவிட்டு நடந்துபோனதை மூன்று பக்கம் எழுதினேன். கடைசிக் கேள்வியை முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. தாளில் தேறினேன், ஆனால் மதிப்பெண் குறைவுதான்.

"அஞ்சு பாயிண்டோட நிறுத்தியிருந்தா இன்னும் கூட வந்திருக்குமே" என்றார் சார்.

"தெரியும் சார்."

அவர் சிரித்துக்கொண்டே, அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். எம்.ஏ. விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். எல்லாக் கட்டங்களையும் பஸ்ஸிலேயே நிரப்பி வைத்திருந்தேன்.