அக்காவின் போனில் இருபத்து மூன்று நொடி

அலுவலகத்தில் அவரை நொடிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். இணையதளங்களை வேகமாகத் திறக்க வைப்பதும், எத்தனை நொடியில் திறக்கின்றன என்று அளந்து அறிக்கை எழுதுவதும் அவர் வேலை. பன்னிரண்டு வருடமாக ஒரே வழக்கம்: தன் கணினியில் மூன்று முறை அளப்பார், முதல் அளவைத் தள்ளிவிடுவார். அது சூடேறாத ஓட்டம், சேர்த்தி இல்லை என்பார். யாரும் மறுத்ததில்லை.

மருத்துவமனையின் தளமும் அவர் கையில்தான் இருந்தது. மறுநாள் டயாலிசிஸுக்கான இடங்களுக்குக் காலை ஏழு மணிக்குப் பதிவு தொடங்கும். இருபது நொடிக்குள் தீர்ந்துவிடும். அந்தப் பக்கம் 1.8 நொடியில் திறப்பதாக அறிக்கையில் எழுதியிருந்தார்.

அதற்குக் காத்திருந்தவர்களில் அவருடைய அக்காவும் ஒருத்தி. மாடிப் பின்னறையில், கீறல் விழுந்த பழைய போனோடு ஆறரைக்கே உட்கார்ந்துவிடுவாள். தொடர்ந்து மூன்று நாள் இடம் கிடைக்கவில்லை.

"வட்டம் சுத்திக்கிட்டே இருக்குடா."

"பக்கம் பறக்குதுக்கா. உன் விரல்தான் நடை பழகுது."

அவளும் சிரித்தாள். மறுநாள் கால் வீங்கியது; படுத்தால் மூச்சு முட்டியது. அவசரப் பிரிவில் ஊசி போட்டு, பதிவு செய்துகொண்டு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

செவ்வாய் காலை அவரே போனை வாங்கிக்கொண்டு அவள் கட்டிலோரம் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். இருபத்து மூன்று நொடி. இடங்கள் தீர்ந்திருந்தன. பக்கத்தின் உச்சியில், சிரிக்கும் செவிலியின் பெரிய படம் அப்போதுதான் முழுதாக வந்து நின்றது. அவர் கணினி அதை முதல் ஓட்டத்திலேயே சேமித்து வைத்துக்கொண்டது. சேமிக்க இடமில்லாத அக்காவின் போன் தினமும் புதிதாக இறக்கியது. அவர் தள்ளிவிட்ட முதல் ஓட்டம்தான் அவளுக்கு ஒவ்வொரு நாளும்.

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள்.

"அப்போ என் விரல் இல்லையா?"

"இல்லக்கா. நான்தான்."

அன்றே படத்தை எடுத்தார். புதன் காலை அதே போனில் நான்கு நொடி. மறுநாள் வியாழன் பத்து மணிக்கான இடம் கிடைத்தது. நெடுநேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. அன்று மாலையே மூச்சு திணறியது. ஆம்புலன்ஸ் தெருமுனையைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்தது.

வியாழன் காலை வீடு நிறைய ஆட்கள். அவர் பின்னறைக்குப் போய், அவள் போனை எடுத்து, அந்தப் பத்து மணிப் பதிவை ரத்து செய்தார். போனைக் கீழே வைப்பதற்குள் வேறு யாரோ அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள்.