கருப்பிகிட்ட சொன்னது

எண்பத்து மூணாம் வருஷம், புரட்டாசி மாசம். இசக்கித்தாய்க்கு விடிஞ்சதுலருந்தே இருப்புக் கொள்ளல. அடுப்புல கஞ்சியை வச்சுட்டு வாசலுக்கு வாரா, வாசல்லருந்து கிணத்தடிக்குப் போறா, கிணத்துக்குள்ள எட்டிப் பாக்கா, திரும்பவும் அடுப்புக்கு வாரா. கஞ்சி பொங்கி அடுப்பே அணைஞ்சு போச்சு. புருஷன் ராமசுப்பு பல்லு வெளக்கிக்கிட்டே அவளை மேலயும் கீழயும் பாத்துட்டு, "என்னட்டி, கால்ல சக்கரம் கட்டிட்டுத் திரியுத?"ன்னான்.

கிணத்துல தண்ணி அப்படியே நிக்குது. அதுதான் அவளைப் போட்டு அரிக்குது.

சங்கரன்கோவில் ரயில்வே லைனுக்கு மேற்க, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பாகம் பிரிச்சுக்கிட்ட தோட்டம். நடுவுல ஒரு வரப்பு. வரப்பு தலமாட்டுல பொதுக் கிணறு. கிணத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன் நல்லக்கண்ணு வீடு, இந்தப் பக்கம் தம்பி ராமசுப்பு வீடு. மோட்டார் போடுறதுக்கு ஒரு நாள் அவுக முறை, ஒரு நாள் இவுக முறை. நேத்து அவுக முறை, ஆனா மோட்டார் சத்தமே கேக்கல. அதுக்கு முந்துன முறையும் கேக்கல. சித்திரையில நல்லக்கண்ணு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவர் எந்திரிக்கவேயில்ல. அன்னையிலருந்து அவர் பொண்டாட்டி பார்வதியம்மாள் தன் வீட்டு மோட்டார் ரூம் சாவியத் தொடல. தோட்டம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு.

அதோட விட்டுச்சா? தூத்துக்குடியில ஹார்பர் வேலையில இருக்க மகன் சிவனாண்டி, நிலத்தை வித்துட்டு எங்கூடவே வந்துரும்மான்னு சொல்லிட்டான். போன வாரம் வந்து அம்மாவோட ஆடுகளைப் பிடிச்சு மாமனார் வீட்டுக்கு அனுப்பிட்டான். வர்ற வெள்ளிக்கிழமை நிலத்தைப் பாக்க ராயகிரியிலருந்து ஆள் வருது. ராமசுப்பு போய், விக்கவா போறீகன்னு மைனிகிட்டக் கேட்டுப் பாத்தான். பார்வதியம்மாள் சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. வாசப்படியில உக்காந்து வெறும் மண்ணைப் பாத்துக்கிட்டு இருக்கா.

"மைனி போயிட்டா உனக்கு நிம்மதிதான?"ன்னான் ராமசுப்பு. சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டான். பஜார்ல பருத்தி கமிஷன் கடையில எடை போடுற ஆளு அவன், சைக்கிளை எடுத்துட்டுக் கெளம்பிட்டான். இசக்கித்தாய் அங்கனயே நின்னா. நிம்மதியா?

அவன் அப்படிக் கேட்டதுக்குக் காரணம் இருக்கு. அவளும் பார்வதியம்மாளும் முகம் பாத்துப் பேசி வருஷக்கணக்காச்சு.

இசக்கித்தாய் ராஜபாளையத்துப் பொண்ணு. அப்பா பஞ்சு மில்லுல வேலை. சங்கு ஊதுனா எந்திரிச்சு, சங்கு ஊதுனா சாப்பிட்டு வளந்தவ. எழுபத்தொண்ணுல கல்யாணமாகி இங்கன வந்தப்ப மம்பட்டியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. வந்த வருஷமே களையெடுக்கப் போனவ, மிளகா நாத்தையும் சேத்துப் பிடுங்கி வரப்புல போட்டுட்டா. அதை மொதல்ல பாத்தது பார்வதியம்மாள். களையெடுக்க வந்த பொம்பளைங்க அத்தனை பேருக்கும் முன்னால, "மில்லு வீட்டுக்காரிக்குப் பயிரு எது களை எதுன்னு தெரியல. நாளைக்குப் பிள்ளையப் பெத்தாலும் தூக்கி வரப்புல போட்டுருவா"ன்னு சொல்லிட்டா. எல்லாரும் சிரிச்சாங்க.

இசக்கித்தாய்க்கு அந்த மாசம்தான் வயித்துல நின்னது கலைஞ்சு போயிருந்துச்சு. யாருக்கும் சொல்லல, புருஷனுக்கு மட்டும்தான் தெரியும். பார்வதியம்மாளுக்குத் தெரிஞ்சிருக்க வழியில்ல. ஆனா சொன்னது சொன்னதுதான? அன்னைக்கு வாயை மூடுனவதான். பின்னால மகன் பொறந்தான், மக பொறந்தா, அப்பவும் தெறக்கல. பார்வதியம்மாளும் ரோஷக்காரி, தானா வந்து பேசல.

இந்தப் பக்கத்துல, பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு வீட்டுக்காரங்களுக்கு ஒரு வழி உண்டு. சாடை பேசுறது. ஆளைப் பாத்துச் சொல்லக்கூடாது. ஆட்டைப் பாத்து, கோழியப் பாத்து, காக்காயைப் பாத்துச் சொல்லணும். போய்ச் சேர வேண்டிய காதுக்கு அது போய்ச் சேந்துரும். கேட்டவ கேக்காத மாதிரி இருந்துக்கிடணும். அப்படித்தான் பார்வதியம்மாள் தன் செவலை ஆட்டைத் திட்ட ஆரம்பிச்சா.

"ஏ செவலை, நீ மேயப் போறதுன்னாக்கூட வெயில் தாழ்ந்துதான போற? உச்சி வெயில்ல நாத்தை நட்டா அது நிக்கவா செய்யும், அப்பளமாப் பொரிஞ்சுல்லா போகும்"னு ஒரு நாள். நாத்தங்காலை நனைக்காமப் பிடுங்குனா வேரு மண்ணுலயும் தண்டு கையிலயும்தான் மிஞ்சும், இது என்ன மில்லு நூலா பிச்சு இழுக்கன்னு இன்னொரு நாள். பிடுங்குன நாத்தை ஈரச் சாக்குல மூடாமப் போட்டுட்டு ஒருத்தி ஊர்க்கதை பேசப் போயிருக்கான்னு மறுநாள். இசக்கித்தாய்க்குப் பத்திக்கிட்டு வரும். தன் கருப்பி ஆட்டைப் பாத்து, "ஏ கருப்பி, அப்பளம் பொரிச்சாலும் அது எங்க சட்டியிலதான, கண்டவளுக்கு என்ன?"ன்னு திருப்பிக் குடுப்பா. உள்ள போய்க் கண்ணைக் கசக்கிட்டு வருவா. ஆனா அடுத்த நடவுக்கு வெயில் தாழ்ந்துதான் கை வைப்பா. நாத்தங்காலை நனைப்பா. சாக்கை மூடுவா. வீம்புக்குத்தான் செஞ்சா, இனிமே அவ வாயில விழக்கூடாதுன்னு. மிளகாச் செடி நின்னுச்சு, பூத்துச்சு, காச்சுது.

ஒரு தடவை மேகம் கூடி நிக்கையில, எல்லாரும் விதைக்க ஓடுறாங்க. இசக்கித்தாயும் விதைப்பெட்டியோட எறங்கிட்டா. வரப்புக்கு அந்தப் பக்கம் பார்வதியம்மாள், "என்ன அவசரம், கொஞ்சம் பொறு, இப்ப எறங்குனா நாசமாப் போவ"ன்னா. இசக்கித்தாய் பெட்டியத் தலையிலருந்து எறக்கிட்டா. ரெண்டு நாள் கழிச்சுப் பேய்மழை. விதைச்சவங்க விதையெல்லாம் ஓடைக்குப் போச்சு. ராமசுப்பு பொண்டாட்டியைத் தலைக்கு மேல வச்சுக் கொண்டாடுனான். ஆனா அன்னைக்குச் செவலை நெசமாவே பள்ளத்துக்குள்ள எறங்கப் பாத்துச்சு. ஆட்டுக்குச் சொன்னாளா, தனக்குச் சொன்னாளான்னு இசக்கித்தாய்க்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

அடுத்து வந்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மொதத் தடவையா தன் வெள்ளாமையக் கையில எடுத்துட்டுப் போனா. அம்மன் சப்பரம் வாறப்ப சம்சாரிக அவுக அவுக வெள்ளாமையில ஒரு பிடி எடுத்து எறிவாக. பருத்தி பறக்கும், சோளம் பறக்கும், மிளகா வத்தல் பறக்கும். இசக்கித்தாய் மடியிலருந்து வத்தலை அள்ளி எறிஞ்சா. பக்கத்துல கூட்டத்துக்குள்ளருந்து நல்லாத் தெரிஞ்ச ஒரு குரல், அம்மனைப் பாத்துச் சொல்லுது: "ஆத்தா, வத்தல் நல்லாத்தான் செவந்திருக்கு." திரும்பிப் பாக்கல. பாக்கக்கூடாதுல்லா? வீடு வர்ற வரைக்கும் அவளுக்குக் கால் தரையில பாவல.

இந்த வருஷம் ஆடித்தபசுக்கு ரெண்டு வீட்டுக்கும் துக்கம், கோயிலுக்குப் போகல. ஊரே அங்க கெடந்துச்சு, மைக் செட் சத்தம் தோட்டம் வரைக்கும் கேட்டுச்சு. இசக்கித்தாய் கிணத்தடியில நின்னுக்கிட்டு, அந்தப் பக்கத்துலருந்து ஏதாவது வரும்னு காதைக் குடுத்துக்கிட்டே இருந்தா. ஒரு திட்டு, ஒரு இருமல், எதாவது. ஒண்ணும் வரல.

அதை நெனச்சுக்கிட்டே இன்னைக்கும் கிணத்தடியில நின்னவ, மனசைக் கல்லாக்கிட்டு ஒரு காரியம் பண்ணுனா. கருப்பியைக் கயித்தோட வரப்புக்கு இழுத்துட்டு வந்து, பார்வதியம்மாள் காதுல விழுற மாதிரி, "ஏ கருப்பி, சில பேரு புருஷன் போனா நிலத்தையும் சேத்துக் குழியில போட்டுருவாக போல"ன்னா.

சொல்லி முடிக்கும் முன்னயே நாக்கைக் கடிச்சுக்கிட்டா. அந்தப் பக்கம் அசைவே இல்ல. பார்வதியம்மாள் தலையைக்கூடத் தூக்கல. திட்டியிருந்தா தேவலை. மண்ணை வாரித் தூத்தியிருந்தாக்கூடத் தேவலை.

அதுக்கு மேல அங்கன நிக்க முடியல. ஊருக்குள்ள நடந்தா. கோபுரம் வரைக்கும் போனா, உள்ள போகக்கூடாதேன்னு திரும்புனா. பஸ் ஸ்டாண்டுல தூத்துக்குடி பஸ் உறுமிக்கிட்டு நிக்குது. யாரோ ஒரு பொம்பளை டிரங்குப் பெட்டியை மேல ஏத்தச் சொல்லிட்டுக் கீழ பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கா. பார்வதியம்மாளும் இப்படித்தான ஏறிப் போவான்னு நெனச்சதும் இசக்கித்தாய்க்கு அங்க கால் நிக்கல. வேகமாக் கடந்து மார்க்கெட்டுக்குள்ள நொழஞ்சா. எதுவும் வாங்க வரல, ஆனாலும் ஒரு கடைக்காரன் நல்ல வத்தலோட வெளுத்துப் போன சண்டு வத்தலைக் கலந்து நிறுக்கதைப் பாத்ததும் வாய் நிக்கல. யார் வீட்டு வயித்தெரிச்சலுக்கு வே இந்த வேலைன்னு பிடிச்சு ஒரு வாங்கு வாங்கிட்டா.

பூக்கூடையோட உக்காந்திருந்த மாரித்தாய் சிரிச்சா. மாரித்தாய்க்கு ரெண்டு வீட்டையும் தெரியும். "நீ பேசுனதும் பார்வதிதான் வந்துட்டாளோன்னு திரும்பிப் பாத்தேன். இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கதுகூட அதே மாதிரில்லா இருக்கு"ன்னா.

இசக்கித்தாய் இடுப்புலருந்து கையை எடுத்தா. அப்புறம் எங்க வைக்கன்னு தெரியல. மில்லு வீட்டுல யாரும் இப்படிப் பேசுனதில்ல. அம்மா வாயே தெறக்க மாட்டா. அப்ப இந்தக் குரல் எங்கருந்து வந்துச்சு? எதிர்த்துப் பேச, ஏமாத்துறவனை நிறுத்திக் கேக்க, மேகத்தைப் பாத்து நாளைச் சொல்ல, எல்லாம் எங்கருந்து வந்துச்சு? யாரை ஜெயிக்கணும்னு இத்தனை வருஷம் ஓடுனாளோ, அவளையே கொஞ்சம் கொஞ்சமாத் தன் மேல பூசிக்கிட்டு ஓடியிருக்கா. ஒரு நன்றி சொன்னதில்ல. எப்படிச் சொல்ல? பேச்சுவார்த்தைதான் இல்லையே.

வேக வேகமாத் திரும்பி வந்தா. வெயில் உச்சியில நிக்குது. நேரா நாத்தங்காலுக்குப் போனா.

இந்த வருஷ மிளகா நாத்து, பிள்ளை மாதிரி பாத்து வளத்தது, சாயங்காலம் நடுறதுக்கு ஆள் சொல்லியிருக்கா. அதைக் காஞ்ச மண்ணோடயே பிடுங்க ஆரம்பிச்சா. தண்ணி தெளிக்கல. மொதப் பிடியில வேர் அறுந்து தண்டு மட்டும் கையோட வந்துச்சு. கை கேக்க மாட்டேங்குது, இத்தனை வருஷம் பழகுன கை. பல்லைக் கடிச்சுக்கிட்டு அடுத்த பிடி. பிடுங்குனதைச் சாக்கு போட்டு மூடல, பார்வதியம்மாள் வாசலுக்கு நேர் எதிர வெறும் வெயில்ல விரிச்சுப் போட்டா. அப்புறம் மம்பட்டியை எடுத்து, அந்த வாசலுக்கு நேரா இருக்க பாத்தியில, உச்சி வெயில்ல, ஒண்ணொண்ணா நட ஆரம்பிச்சா.

ரோட்டுல சைக்கிள்ல போன ஒருத்தன் நின்னு, பைத்தியம் பிடிச்சிருச்சாம்மான்னு கேட்டுட்டுப் போனான். இசக்கித்தாய் நிமிந்து பாக்கல. நட்டது எல்லாம் கண்ணு முன்னாலயே தலையைத் தொங்கப் போடுது. வேர்வையும் கண்ணீரும் ஒண்ணா வழியுது. வெள்ளிக்கிழமை நிலம் போனா இந்த நாத்து இருந்து என்னத்துக்குன்னு ஒரு மனசு. அய்யோ இந்த வருஷ வெள்ளாமை போச்சேன்னு ஒரு மனசு. அந்த வாசலைப் பாத்துராதன்னு இன்னொரு மனசு. கருப்பி வரப்புல நின்னு கத்திக்கிட்டே கெடக்கு.

ஒரு பாத்தி முடிஞ்சுது. ரெண்டாவது பாத்திக்கு நாத்தை எடுக்கக் கையை நீட்டுனா, நாத்து இல்ல.

நாத்துக் கட்டை ஒரு கை அள்ளிக்கிட்டுப் போகுது. வெள்ளைச் சேலை முந்தானையில வாரிப் போட்டு, வேப்பமரத்து நெழலுக்குக் கொண்டு போகுது. சாக்கைத் தொட்டித் தண்ணியில முக்கி எடுத்து, பிழிஞ்சு, மேல மூடுது. இசக்கித்தாய் உக்காந்த எடத்துலயே உக்காந்திருந்தா. மூச்சு விடக்கூடப் பயம்.

பார்வதியம்மாள் மோட்டார் ரூம் பக்கம் நடந்தா. சாவி இடுப்புலதான் இருந்திருக்கு, இத்தனை நாளும். மோட்டார் உறுமுச்சு. தண்ணி வாய்க்கால்ல ஓடி வந்து, வாடிப் போன பாத்திக்குள்ள பாஞ்சுது. பார்வதியம்மாள் திரும்பி வந்து வரப்புல நின்னு அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தா. செவலை இல்ல. ஒரு ஆடும் இல்ல. கருப்பி மட்டும்தான் நிக்குது.

அப்புறம் கருப்பியோட கொம்பைப் பிடிச்சா.

"ஏ கருப்பி," குரல் கரகரன்னு, துருப்பிடிச்ச மாதிரி வருது, "உன் எசமானிக்கு என்னட்டி கேடு வந்துச்சு? இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்துனேனே, அவ்வளவும் காத்துலயா போச்சு?"

இசக்கித்தாயும் கருப்பியைத்தான் பாத்தா. ஒரே ஆட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

"காத்துல போகல கருப்பி. ஒண்ணுவிடாமக் கேட்டிருக்கேன். எங்க ஊருல மில்லுதான் இருந்துச்சு. சொல்லிக்குடுக்க ஒரு ஆளு எனக்கு இங்கனதான் கெடச்சா. அவளும் போயிட்டா நான் யாரு பேச்சைக் கேட்டு வெதைக்க?"

ஆட்டுக் கொம்பைப் பிடிச்ச பார்வதியம்மாள் கை எறங்கி, அதோட கழுத்தைத் தடவிக்கிட்டே இருந்துச்சு. தண்ணி பாத்தி நெறஞ்சு வரப்பை ஒட்டி நின்னுது. அவ முந்தானையால முகத்தைத் தொடச்சுக்கிட்டு, தன் பக்கத்து வெடிச்ச மண்ணைப் பாத்தா.

"கருப்பி, செத்தது செத்துச்சு. சாக்குல இருக்கதுல உன் எசமானிக்குப் போக மிச்சம் இருந்தா, வெயில் தாழ்ந்த பெறகு இங்கிட்டுக் கொண்டு வரச் சொல்லு. எனக்கும் நாலு பாத்தி தண்ணி பாய்ச்சணும்."

மடை மாத்த அவ குனிஞ்சா. இசக்கித்தாய் அவளுக்கு முந்தி மம்பட்டியை எடுத்துட்டா.