எழுதப்படாத ஒன்றரை லிட்டர்

மா ஓக்-ஹியின் கார் ஒன்றரை வருடத்தில் மூன்று முறை, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டைக் குடித்துத் தீர்த்தது. மூன்று முறையும் சர்வீஸ் சென்டரில் அவருக்குக் குனிந்து வணக்கம் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள், டயர்களைத் துடைத்துக்கூட விட்டார்கள். ஒரு வரி எழுதிக் கொடுக்க மட்டும் யாருக்கும் கை வரவில்லை.

ஓக்-ஹிக்கு ஐம்பத்தேழு வயது. வொன்ஜுவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது கட்டடம். முதியோர் மன்றங்களில் பாட்டு சொல்லிக்கொடுப்பது தொழில். வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து மலையூர். காரின் பின்னிருக்கையில் மனிதர் உட்கார இடமிருக்காது. ஒலிபெருக்கியும் பாட்டுப் பெட்டியும்தான். மூன்று வகுப்பு தவறினால் மன்றம் வேறு ஆளைத் தேடிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதனால் கார் நின்றால் பிழைப்பும் நின்றது.

கார் ஒரு பெரிய கம்பெனியுடையது, பெயர் வேண்டாம். எஞ்சினுக்கு ஐந்து வருட உத்தரவாதம். நான்காவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது.

சர்வீஸ் சென்டரில் முகப்பில் நிற்கும் பியோன் என்ற பையனுக்கு மரியாதை அதிகம். வாடிக்கையாளருக்குக் கொடுத்தது போக மிச்சமிருப்பதை உதிரிபாகங்களுக்கும் 'வந்தாங்க, போனாங்க' என்று கொடுப்பான்.

"கூலண்ட் தானா கொஞ்சம் குறைஞ்சிருக்காங்க மேடம். அது சாதாரணம்தாங்க. ரொப்பிட்டேன். காசெல்லாம் வேணாம், சர்வீஸ்ங்க."

எங்கள் ஊரில் சர்வீஸ் என்றால் கொசுறு. பத்துக் கொழுக்கட்டை வாங்கினால் கடைக்காரம்மா பதினொன்றாவதைத் தூக்கிப் போட்டு "சர்வீஸ்" என்பார். கொசுறை வேண்டாமென்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. அதற்கு ரசீது கேட்டவரையும் பார்த்ததில்லை. ஓக்-ஹியும் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தார். மூடிய குழாய்க்குள் சுற்றிவர வேண்டிய திரவம், ஓட்டை இல்லாமல் எப்படித் 'தானாக' குறையும் என்று அவருக்கும் தோன்றவில்லை. மரியாதையாகச் சொன்னால் எதுவும் உண்மைபோலத்தான் கேட்கிறது.

மூன்றாவது முறை ரொப்பிய பிறகு, பிப்ரவரியில் ஒருநாள், பியோங்சாங் மலை ஏற்றத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. பியோனுக்குப் போன் போட்டார். பக்கத்தில் கிடைக்கிற நல்ல தண்ணியா ஊத்திட்டு மெதுவா வாங்க மேடம் என்றான் அவன்.

இந்த மலையில் நல்ல தண்ணி என்றால் ஒன்றே ஒன்றுதான். பாறை இடுக்கில் ஊறும் ஊற்றுத் தண்ணீர். அதைக் குடித்தால் வயிறு சரியாகும், தோல் மினுமினுக்கும் என்று ஜனங்கள் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். ஓக்-ஹியும் நின்றார். தானே காய்ச்சாமல் குடிக்கத் தயங்காத தண்ணீரை, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, அதற்கு ஊற்றினார்.

அன்று மாலையே வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினார். 'சாதாரணம்தாங்க' என்று அனுப்பிவிட்டார்கள். இருபதாம் நாள் அதே ஏற்றத்தில் எஞ்சின் ஆவி கக்கி நின்றுபோனது.

பிரித்துப் பார்த்தார்கள். எஞ்சினின் மேல்பாகமான தலை வளைந்திருந்தது, கூலண்ட் உள்ளே புகுந்திருந்தது. புது எஞ்சினுக்கு எழுபது லட்சம் வொன் ஆகும் என்றார் மேலாளர் யோம். உத்தரவாதம் செல்லாது என்றும் சொன்னார். காரணம் ஒன்று, ஊற்றுத் தண்ணீரிலுள்ள தாதுக்கள். காரணம் இரண்டு, இந்த வண்டியில் கசிவு இருந்ததாகக் கணினியில் ஒரு பதிவும் இல்லை.

"ஊத்தச் சொன்னது உங்க ஆளுதானே?"

"குழாய்த் தண்ணியச் சொல்லியிருப்பாருங்க மேடம். கையேட்டுலயும் அப்படித்தாங்க இருக்கு."

"நல்ல தண்ணின்னாரு. இந்த ஊர்ல குழாய்த் தண்ணிய யாருங்க நல்ல தண்ணின்னு சொல்லுவா? நீங்க வீட்டுல அதத்தான் குடிக்கிறீங்களா?"

யோம் வீட்டில் என்ன குடிக்கிறார் என்பது கையேட்டில் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்றரை வருடமாக ஒழுகியது எஞ்சின். அதைக் கொன்றது இருபது நாள் தண்ணீராம். இலவசமாக ஊற்றியதால் ரசீது இல்லை, ரசீது இல்லாததால் பதிவு இல்லை, பதிவு இல்லாததால் கசிவே இல்லை. ஒரு குறையைத் தாராளமனம் காட்டியே மறைக்கலாம் என்று கண்டுபிடித்தவனுக்கு அந்தக் கம்பெனி என்ன சம்பளம் தருகிறதோ.

ஓக்-ஹி அழவில்லை. ஒலிபெருக்கியைச் சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் கட்டி, இரண்டு பஸ் மாறி வகுப்புகளுக்குப் போனார். ஹெங்சொங் மன்றத்துக்கு மட்டும் காலையில் பஸ் இல்லை. அங்கே புதன்கிழமைகள் தவற ஆரம்பித்தன.

பஸ்ஸில் போகும்போதுதான் அவருக்கு அது உறைத்தது. வண்டியை எடுத்துவந்த மறுநாள் தலைமையகத்திலிருந்து போன் வரும், திருப்தியா என்று கேட்க. பத்துக்குப் பத்து சொல்லுங்க மேடம், இல்லன்னா என் மார்க் போயிடும் என்று பியோன் ஒவ்வொரு முறையும் கெஞ்சியிருந்தான். பாட்டு டீச்சருக்குச் சுருக்கமாகப் பாராட்ட வராது. அந்த உரையாடல்களை எல்லாம் பதிவு செய்கிறார்கள்.

அந்தப் பதிவைத் தரும்படி தலைமையகத்திடம் கேட்டார். வாடிக்கையாளரின் குரல் தனிநபர் தகவல், வெளியே தர முடியாது என்றார்கள். அந்தக் குரல் என்னுடையதுதானே என்று எழுதிக் கொடுத்தார். நுகர்வோர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போனது. பத்து நாளில் பதிவு வந்தது. தள்ளுவண்டியோடு யோமின் அறைக்குப் போய், ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்தார். சென்டர் முழுக்க ஓக்-ஹியின் குரலே கேட்டது.

"அந்தத் தம்பிக்குப் பத்துக்குப் பத்து போடுங்க. மூணாவது தடவையா கூலண்ட் காலியாயிடுச்சு, ஒன்றரை லிட்டர். காசே வாங்காம ஊத்திக் குடுத்தாரு, தங்கமான பையன்."

தங்கமான பையன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அரை மணியில் ஒரு தாள் வந்தது. எஞ்சினை இலவசமாக மாற்றித் தருகிறோம், இது நல்லெண்ணத்தால் மட்டுமே, வண்டியில் குறை எதுவும் இல்லை, இதை வெளியே பேசமாட்டேன், இங்கே கையெழுத்து. அடுத்த புதனும் போனால் ஹெங்சொங்கில் மூன்றாவது வகுப்பு தவறும். அது ஓக்-ஹிக்குத் தெரியும். எப்படியோ யோமுக்கும் தெரிந்திருந்தது.

"குறையே இல்லாத வண்டிக்கு எதுக்குங்க புது எஞ்சின்? நான் என்ன பிச்சைக்கா வந்தேன்?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றே அதே வகைக் கார் வைத்திருப்பவர்களின் இணையக் குழுவில் தன் குரல்பதிவை ஏற்றினார். ஒரு வாரத்தில் நாற்பத்தோரு பேர் பதில் எழுதினார்கள். அவர்கள் எல்லோருக்கும் கூலண்ட் தானாகத்தான் 'குறைஞ்சிருந்தாங்க', எல்லோருக்கும் கொசுறாகத்தான் ஊற்றியிருந்தார்கள். நாற்பத்திரண்டு பேரும் சேர்ந்து நுகர்வோர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள்.

ஆறு வாரம் கழித்துப் புது எஞ்சின் வந்தது, வாயை மூடச் சொல்லும் தாள் இல்லாமல். வேலைச் சீட்டில் 'எஞ்சின் தலை மூட்டில் கசிவு' என்று அச்சாகியிருந்தது. நான்கு மன்றங்கள் அவருக்காகக் காத்திருந்தன. ஹெங்சொங்கில் ஒரு நடன டீச்சர் வந்துவிட்டார். அந்தப் புதன்கிழமைக்கு என்ன செய்வீர்கள் என்று யோமிடம் கேட்டதற்கு, அதுக்கு எங்ககிட்ட படிவம் இல்லைங்க மேடம் என்று பணிவாகச் சொன்னாராம்.

இப்போது புதன்கிழமைகளில் ஓக்-ஹி அந்த சென்டருக்கு எதிரே, பொது நடைபாதையில் நிற்கிறார். காவலாளி வந்து பார்த்தார். நடைபாதை நகராட்சியுடையது, ஒன்றும் செய்ய முடியவில்லை. வெளியே வரும் வண்டிகளின் கண்ணாடியைத் தட்டுகிறார். போன புதன் நானும் கூட நின்றேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் கண்ணாடியை இறக்கினாள்.

"கூலண்ட் ஊத்தினாங்களாம்மா?"

"ஆமாங்க. சும்மாவே ஊத்திக் குடுத்தாங்க."

"எழுதிக் குடுத்தாங்களா?"

அந்தப் பெண் வண்டியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.