அஞ்சலட்டை அளவில் ஒரு பேத்தி

சுமியேவின் பேத்தி தீப்பெட்டி அளவுத் திரைக்குள் இருந்தாள். மீனை அரைத்து அவித்து கமபோகோ செய்யும் ஆலையில் சுமியேவுக்கு வேலை. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் ரப்பர் கையுறையைக் கழற்றிவிட்டு, உடை மாற்றும் அறையின் மூலைக்குப் போய் மடக்குக் கைப்பேசியைத் திறப்பாள். வடக்கே ஹகோதாதேயில் இருக்கும் மகள் சிஹோ ஏதாவது ஒரு படம் அனுப்பியிருப்பாள். குளிக்கும் குழந்தை, சோற்றுப் பருக்கை ஒட்டிய கன்னம், தூங்கும்போது முதுகு. கண்ணருகே கொண்டுபோனால் முகம் புள்ளி புள்ளியாக உடையும். தள்ளிப் பிடித்தால் மூக்கே தெரியாது. சிஹோ எழுதுவது குறைவு. "பல்லு வந்துடுச்சு" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான்.

வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. கல்யாணம் ஆகாமலே பிள்ளை உண்டாகி, அதற்குத் தகப்பன் யாரென்று சொல்லமாட்டேன் என்று சிஹோ நின்ற அன்று, சுமியேவின் கணவர் தெட்சுஜி கையிலிருந்த சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். இந்த வாசல் இனி உனக்கு இல்லை என்றார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கத் தெரியாத மனிதர். மகள் பிறந்த நாளிலிருந்து சுமியேவை, அந்தப் பக்கத்து ஆண்களைப் போல, 'அம்மா' என்றுதான் கூப்பிட்டு வந்தார். மகள் போனதோடு அதுவும் போயிற்று. 'ஓய்' என்றால் சுமியே திரும்ப வேண்டும். ஊரிடம், சிஹோ ஒசாகாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

சுமியேவுக்கு ஒரே ஒரு ஆசைதான். குழந்தையைக் காகிதத்தில் பார்க்க வேண்டும், கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைத்தெருவில் ஹமாதாவின் ஸ்டூடியோ இருந்தது. கொடுத்தால் மாலைக்குள் பளபளவென்று போட்டுத் தருவான். ஆனால் ஹமாதா தெட்சுஜியோடு பள்ளியில் படித்தவன். யார் வீட்டுப் படமானாலும் உறையில் போடும்முன் ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதாக நாலு வார்த்தை சொல்லாமல் விடமாட்டான். அந்த நாலு வார்த்தை இரவு சாராயக்கடைக்குப் போய்ச் சேரும்.

அப்படியானால் வீட்டிலேயே படம் போடும் இயந்திரம் ஒன்று வாங்கினால் என்ன? ஆலையில் பக்கத்தில் நின்று வேலை செய்யும் தொகுதாவிடம், யாருக்கோ கேட்பதுபோல் கேட்டாள். தொகுதா வீட்டில் அப்படி ஒன்று இருந்தது.

"வாங்கவே வாங்காதீங்க, சுமியே-சான். புது வருச வாழ்த்து அட்டை அடிக்கன்னு எங்க வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்தார். வருசம் பூரா அது சும்மா கெடக்கும். டிசம்பர்ல தொறந்தா மை காஞ்சு அடைச்சுக்கிட்டு நிக்கும். போன வருசம் மாமியார் மூஞ்சியில பச்சைக் கோடு விழுந்துச்சு. அதையே எல்லாருக்கும் அனுப்பிட்டார்."

சுமியே சிரித்தாள். ஆனால் ஆசை அடங்கவில்லை. விடுமுறை நாளில் பஸ் ஏறி உவாஜிமா போய், பெரிய மின்சாமான் கடையில் அந்த வரிசைக்கு முன்னால் நின்றாள். விற்பனைப் பெண் பொறுமைசாலி. மை தெளிக்கிற வகையில் பெரிதாகவும் போடலாம், கடிதமும் அடிக்கலாம்; ஆனால் அடிக்கடி உபயோகிக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும், ஈரம் பட்டால் கலங்கும். இன்னொன்று பெட்டிபோலச் சின்னது. மைக்குப் பதில் ரிப்பன். எத்தனை மாதம் மூடி வைத்தாலும் காயாது, படத்தின் மேல் ஒரு பூச்சும் விழும். ஆனால் அஞ்சலட்டை அளவுக்கு மேல் வராது; ரிப்பனும் காகிதமும் சேர்த்தே வாங்க வேண்டும்; கணக்குப் பார்த்தால் ஸ்டூடியோவில் போடுவதே மலிவு என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

"கணினி வேணுமாம்மா?" என்று சுமியே கேட்டாள்.

"வேண்டாங்க. போன்ல இருக்கற சின்ன அட்டையை எடுத்து இதுல சொருகினாப் போதும்."

அன்று வாங்கவில்லை. இலையுதிர்காலம் முழுக்க மனசுக்குள் இரண்டையும் நிறுத்துப் பார்த்தாள். இவ்வளவு விலை கொடுத்து ஒரு பெட்டியா? ஒளித்து வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? படம் கையில் வந்தால் மட்டும் ஏக்கம் தீர்ந்துவிடுமா, இன்னும் கூடுமா? அப்போது ஒரு படம் வந்தது. குழந்தை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தவழ்ந்ததைக்கூட சுமியே சரியாகப் பார்த்திருக்கவில்லை. அடுத்த விடுமுறைக்குப் போய்ச் சின்னப் பெட்டியை வாங்கி வந்துவிட்டாள்.

தெட்சுஜி விரிகுடாவில் மீன் வளர்க்கும் கூண்டுகளுக்குத் தீனி போடப் படகில் போயிருந்த நேரம். படுக்கை வைக்கும் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து அட்டையைச் சொருகினாள். உர்ரென்று காகிதம் ஒருமுறை வெளியே வந்தது, மஞ்சள் நிழல் மட்டும். உள்ளே போய் மறுபடி வந்தபோது கன்னத்தில் சிவப்பு ஏறியிருந்தது. மூன்றாம் முறை நீலம் சேர்ந்ததும் கருவிழி வந்தது, முடி வந்தது. கடைசியாகப் பூச்சு. சுமியே இரு கையாலும் வாங்கினாள். காகிதம் வெதுவெதுப்பாக இருந்தது. கன்னத்தில் வைத்துக்கொண்டு, ஆறும்வரை எடுக்கவில்லை.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. போட்ட படங்களைக் கிமோனோ மடித்து வைத்த தாள்களுக்கு நடுவில் செருகி வைத்தாள். தீர்ந்துபோன ரிப்பனை மற்ற பிளாஸ்டிக் குப்பையோடு போட்டாள். குப்பைப் பையைப் படகுத்துறைக்குப் போகும் வழியில் கொண்டுபோய் வைப்பது தெட்சுஜியின் வேலை. உள்ளே இருப்பது தெரியும்படி கண்ணாடிப் பை என்பது ஊர் விதி.

ஒரு காலை, சுமியே ஆலைக்குக் கிளம்பும்போது, கிளம்பிப் போன தெட்சுஜி திரும்பி வந்து ஜன்னலோரம் நின்றிருந்தார். ரிப்பனை முழுதும் இழுத்து, கடல்பாசியைக் காயப்போடுவதுபோல் ஜன்னல்கட்டையில் தொங்கவிட்டிருந்தார். வெளிச்சத்தில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று கட்டம் கட்டமாகக் குழந்தையின் முகம். காகிதத்துக்குப் போன நிறம் போக மிச்சம் எல்லாம் ரிப்பனிலேயே தங்கி, கறுப்பு வெளுப்பாகத் தலைகீழாகத் தெரியும் என்று கடைக்காரப் பெண் சொல்லவில்லை.

"யாரோ வெள்ளை முடிக் கிழவின்னு நெனைச்சேன்," என்றார் தெட்சுஜி. "செத்துப்போன எங்கம்மாதான் வந்து நிக்கறாளோன்னு ஆயிடுச்சு. அப்புறம் பாத்தா, வாயில ரெண்டே பல்லு."

சுமியே வசவுக்காகக் காத்திருந்தாள்.

"பேரு என்ன?"

"நாகி."

காற்று விழுந்து கடல் அசையாமல் கிடக்கும் பொழுதுக்கு அந்தக் கரையில் அதுதான் பெயர். தெட்சுஜி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"யார் வெச்சது?"

"உங்க பொண்ணுதான்."

மறுபடி ரிப்பனைத் தொட்டு, "முடி கறுப்பா வராதா, அம்மா?" என்றார்.

சுமியே அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்துவந்து வைத்தாள். அவர் சம்மணம் போட்டு எதிரில் உட்கார்ந்தார். மஞ்சள் நிழல் வெளியே வந்ததும் கையை நீட்டினார். "பொறுங்க, இன்னும் போயிட்டு வரும்," என்று சுமியே தடுத்தாள். அன்று ஆலைக்குத் தாமதமாகத்தான் போனாள்.

அந்தப் படம் அவருடைய மழைச்சட்டைப் பையில் போய் உட்கார்ந்தது. உப்புத்தண்ணீரில் தினமும் நனைந்தது, ஆனால் கலங்கவில்லை. இதைவிடப் பெரிதாக ஏன் வரமாட்டேன் என்கிறது, இவ்வளவு காசு வாங்கினவன் ஒரு ஜாண் கூடப் போடக்கூடாதா என்று இயந்திரத்தைத் திட்டினார். சிஹோவுக்கு ஒரு போன் போடுங்கள் என்றால் மட்டும், என்ன பேசுவது என்று எழுந்து போய்விடுவார். புது வருசம் கழிந்ததும், நீ போய்ப் பார்த்துவிட்டு வா, மீனுக்குத் தீனி போட ஆள் வேண்டாமா, நான் எங்கே வருவது என்றார்.

ஹகோதாதேயில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாகி சுமியேவைக் கண்டதும் வீறிட்டு அழுது சிஹோவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். படத்தில் அசையாமல் கிடைத்தவள் நேரில் பிடிபடவில்லை. மறுநாள் பசி நேரத்தில் தானாகவே மடியில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை கனமாக இருப்பாள் என்று சுமியே நினைத்திருக்கவில்லை. தலையில் பாலும் வேர்வையும் கலந்த வாடை. சுமியே மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"அப்பா என்ன சொன்னார்?" என்று சிஹோ பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"உன்னை வரச் சொல்லல. வராதேன்னும் சொல்லல. படத்தை மழைச்சட்டையில வெச்சுக்கிட்டுத்தான் கடலுக்குப் போறார்."

சிஹோ கழுவிய தட்டையே மறுபடி எடுத்துக் கழுவினாள்.

சுமியே வீட்டுக்குப் போன் போட்டாள். கைப்பேசியைக் குழந்தையின் காதில் வைத்தாள். நாகி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலும் சத்தமில்லை. சுமியே வாங்கிக் காதில் வைத்தபோது, "மூக்கு அடைச்சிருக்கு, ஏதாவது சூடா குடுங்க," என்றார் தெட்சுஜி. பிறகு, "அவ பக்கத்துலதான் இருக்காளா?" என்றார்.

சுமியே கைப்பேசியை நீட்டினாள். "இன்னிக்கு வேணாம்மா," என்றாள் சிஹோ.

"பாத்திரம் கழுவிட்டிருக்கா," என்றாள் சுமியே.

"சரி, இருக்கட்டும்."

சொன்னாரே தவிர, அவர் வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் வானொலி நாளைய காற்றையும் அலையையும் சொல்லிக்கொண்டிருந்தது மெல்லக் கேட்டது. சுமியேவும் வைக்கவில்லை. சிஹோ குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு, திரும்பாமல் அப்படியே நின்றாள்.