கல்லில் சிரித்த நாய்

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைவிட அதிக நேரம் ஊரைப் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த காலம். அம்மா, பெரியப்பா, நான் மூன்று பேரும் நைனார்பாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி வந்து இறங்கினோம். அப்போது நான் மாவு மில்லில் வேலை செய்தேன். மில் ஓடும் சத்தத்தில் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள், நானும் பேச வேண்டியதில்லை. அந்த வேலை பிடித்துப் போனதற்கு அதுதான் காரணம். அப்பா இல்லாததால் எனக்குப் பெண் எடுக்கும் பொறுப்பு பெரியப்பாவிடம் இருந்தது.

பெண் வீட்டில் காபியும் கேசரியும் கொடுத்தார்கள். பெண் வந்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் கால் விரல்களையும் காபி டம்ளரையும் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பெரியப்பா கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றுக்கு இரண்டாகப் பதில் சொன்னாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள்கூட.

"வூட்டுக்குப் போயி கலந்துக்கினு சொல்லி அனுப்பறோம்" என்று பெரியப்பா எழுந்தார். செருப்பைப் போடும்போதே சேதி வந்துவிட்டது. சின்னசேலம் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் ஓடாது. கடைகளும் அடைத்தாயிற்று.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண் வீட்டில் காபி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம். ஆனால் சம்மதம் சொல்வதற்கு முன்னால் சோறு சாப்பிடக் கூடாது. இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் பெண் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சு மாற முடியாது. பெரியப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. காரணத்தை என் காதில் விழும்படியே அம்மாவிடம் சொன்னார்.

"பொண்ணு வாயாடியா கீறாளே! நம்ம புள்ள வாயே தொறக்க மாட்டான். நாளைக்கி இவன் கதி இன்னா?"

எனக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. ஊர் திரும்புவதற்குள் அதைச் சொல்லாவிட்டால் அந்த வீட்டுப் பேச்சே முடிந்துவிடும் என்றும் தெரிந்திருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

அடுப்பங்கரையிலிருந்து கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வாசனை வந்தது. பெண்ணின் தாய்மாமன் எங்கள் நிலைமையைப் பார்த்துவிட்டார். அவர் டவுனில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை செய்கிறவர்.

"இங்கியே குந்திக்கினு இருந்தா இந்த வாசனையே ஆளக் கொன்னுடும். வாங்க, ஊரச் சுத்திக் காட்டறேன். வா மாப்ள."

"இன்னும் மாப்ள ஆவலிங்க" என்றார் பெரியப்பா.

"சரி, வா தம்பி."

கள்ளக்குறிச்சியில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் எத்தனையோ முறை வந்த ஊர். ஆனால் அன்று பஸ் இல்லை, வண்டி இல்லை. நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். மூட்டைகளும் தட்டிகளும் இல்லாமல் ஊரே முகம் கழுவிக்கொண்டு நின்றது போல இருந்தது.

கடைத்தெருவில் ஒரு கல் மண்டபம். மழைக்கு எத்தனை தடவை அதில் ஒதுங்கியிருப்பேன்! வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் தூண் இருந்ததே தெரியாது. தூணின் இடுப்பில் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது.

"கல்வராயன் மலையிலேர்ந்து புளி, தேனு, கடுக்கா எல்லாம் இங்கதான் வந்து எறங்கும். பொதிமாடு கட்டின கயிறு அறுத்த தடம் இது" என்றார் மாமன். "ராஜா கட்டின மண்டபம்."

பள்ளத்தில் விரலை வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. நிமிர்ந்தால் தெருக் கோடியில் மலை நீலமாகத் தெரிந்தது. அங்கிருந்து ஒரு மாடு நடந்துவந்து இந்தத் தூணருகே நின்று தலையை ஆட்டியிருக்கிறது. அதை நினைத்ததும் என்னவோ எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த தெருவில் மாமன் காலால் தரையைத் தட்டினார். "குழாய்க்குப் பள்ளம் தோண்டறப்போ பாத்தேன், இதுக்கு அடியில இன்னொரு தரை கீது. முழங்கை நீளத்துக்குச் செங்கல்லு. ராஜா போட்ட தரை."

"எந்த ராஜா?" என்றார் பெரியப்பா.

"ராஜான்னா ராஜாதான்."

"அந்த ராஜா சோத்துக் கட ஒண்ணும் வெக்கலியா?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பாடப் புத்தகத்தில் ராஜாக்கள் எல்லாம் மதுரையிலும் தஞ்சாவூரிலும்தான் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் யாராவது இருந்ததாக எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. பெரியப்பா ஒவ்வொரு தெருவிலும் தளர்ந்துகொண்டே வந்தார். எனக்கு நடை கூடிக்கொண்டே போனது.

சுற்றிச் சுற்றிக் கடைசியில் பெண் வீட்டுக் கொல்லைப்புறச் சந்துக்கே வந்து சேர்ந்தோம். வேப்பமரத்தில் ஒரு பலகைக் கல் சாய்ந்திருந்தது.

"இது எங்க வூட்டுத் துணி தொவைக்கிற கல்லு. குழாய் போட எடஞ்சலா இருக்குதேன்னு கடப்பாரையால பொரட்டினேன். அடியில ஒரு ஆளு!"

எங்களுக்கு ஆள் யாரும் தெரியவில்லை. மேடு பள்ளமாக வெறும் கல். மாமன் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கண்ணு, ஒரு கொடம் தண்ணி எடுத்தா!"

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு அவள்தான் குடத்தோடு வந்தாள். நான் கல்லைப் பார்த்தேன்.

"இவரும் ராஜாதான்" என்றார் மாமன்.

"மாமாவுக்கு எல்லாருமே ராஜாதாங்க" என்றாள். "கிரீடம் எங்க மாமா? கொண்ட போட்டுக்கினு கீறாரு. மாட்ட ஓட்டிக்கினு போனவங்கள வழி மறிச்சு நின்னு செத்துருப்பாரு, பாவம்."

"அப்பவும் மறியல்தானா?" என்றார் பெரியப்பா அலுப்போடு.

அவள் கல்லின் தலையிலிருந்து தண்ணீரை ஊற்றினாள். ஈரம் இறங்க இறங்கக் கோடுகள் கறுத்து எழுந்தன. கொண்டை, வில், இடுப்பில் கத்தி, முன்வைத்த கால். காலடியில் ஒரு நாய். நான் குந்தி, தலையைச் சாய்த்துப் பார்த்தேன். வால் சுருண்டிருந்தது. காது விறைத்திருந்தது. வாயோரம் மேலே ஏறியிருந்தது.

"சிரிக்குது" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "எது?" என்றாள் அம்மா.

"நாயி."

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். "பாத்தியா மாமா? நானும் இத்தினி நாளா அதத்தான சொல்றேன்! ஒருத்தரும் நம்பல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்போதுதான் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தேன். மோவாயில் ஒரு துளி தண்ணீர் நின்றது.

அந்த ஆளுக்குக் கல் நட்டவர்கள் நாயையும் மறக்கவில்லை. அது எப்படிச் சிரிக்கும் என்றுகூடச் செதுக்கியவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை அவளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதைச் சொல்ல ஒரு நாள் போதாது என்றும் தோன்றியது.

கதவோரம் பெண்ணின் அம்மா வந்து தயங்கி நின்றார். "சோறு ஆறுதுங்க. கூப்புட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"இல்லிங்க, நாங்க..." என்று பெரியப்பா ஆரம்பித்தார்.

நான் எழுந்து அவளிடம் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு குடத்தை எடுத்துச் சாய்த்து மீதித் தண்ணீரை ஊற்றினாள். எல்லோர் முன்னாலும் கை கழுவினேன்.

"எனக்குப் பசிக்குது பெரியப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். காது சூடாகிவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே அம்மா பெரியப்பாவிடம் சொல்வது கேட்டது. "பேசாத புள்ள பேசிட்டான். இன்னும் இன்னா கலந்துக்கிறது? வாங்க மாமா, குந்துங்க."

வரிசையாக இலை போட்டார்கள். மாமன்தான் பரிமாறினார். "மாப்ள, இன்னும் கொஞ்சம் கொழம்பு?" என்றார். நாங்கள் எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தோம். அவர் வாய் நிறையச் சோறு இருந்தது. கையை மட்டும் ஆட்டினார், ஊற்றச் சொல்லி.

சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டதும் பெரியப்பா என்னைத் தனியாகச் சந்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "நெசமாவே நாயி சிரிக்குதாடா?"

கல் காய்ந்துவிட்டிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் கேட்க நான் வாய் திறப்பதற்குள் கொல்லைக் கதவு திறந்தது. குடத்தோடு அவள் நின்றிருந்தாள். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லின் முன்னால் குந்தினார்.

"ஊத்தும்மா" என்றார்.