கை கியர் காருக்கு எதுக்கு ஆட்டோமேட்டிக் கியர் ஒயில்?

இன்னைக்கு ஹட்டன்ல ஒரு வண்டி சர்வீஸ் கடை கவுண்டர்ல நின்னுக்கிட்டிருந்தேன்... ஒரு போத்தலப் பாத்து அப்படியே உக்காந்துட்டேன்!

மகனோட வேனுக்கு ஸ்டீரிங் ஒயில் வாங்கப் போனேன். கவுண்டர்ல இருந்த தங்கச்சி ஏ.டி.எஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஒயில்) போத்தல் ஒன்னத் தூக்கி வச்சிச்சு.

செக்கச்செவேல்னு!

"அம்மாடி, இது ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊத்துறதில்லையா"ன்னு கேட்டேன். "உங்க வேனோட பவர் ஸ்டீரிங்குக்கும் இதேதான் ஐயா"ன்னு சிரிச்சிச்சு.

அது சிரிச்சிருச்சு. நான் கவுண்டரப் புடிச்சுக்கிட்டேன். ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வச்சிருச்சுங்க, பாவம்.

ஏன்னு சொல்றேன். (பேத்திதான் டைப் பண்ணுது. எழுத்துப் பிழை எல்லாம் அவ கணக்கு!)

அறுபதுகளோட ஆரம்பம். டயகம பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல, தோட்டத்த நடத்துற பெரிய துரைக்கு நான் கார் டிரைவர். இருபத்திமூணு வயசு. தலைக்கனம் ஒரு மூட்டை.

துரை கொழும்புல இருந்து ஒரு பெரிய அமெரிக்கன் கார் கொண்டாந்தாரு. பவர் ஸ்டீரிங்! ஒத்த விரல்ல திரும்பும். அந்தப் பக்கம் எவனும் பாத்ததில்ல. லயத்து வீடுகள்ல இருந்த எல்லாரையும் கூப்புட்டு வச்சு ஒத்த விரல்ல திருப்பிக் காட்டுனேன்னா பாத்துக்கோங்க.

காரோட ஒரு டின்னும் வந்துச்சு. மேல இங்கிலீஷ்ல ஆட்டோமேட்டிக் கியர் ஒயில்னு போட்டிருந்துச்சு.

நம்ம காரு கை கியரு. கொழும்புக்காரனுங்களுக்கு மண்டையில ஒன்னுமில்ல, தப்பான டின்ன அனுப்பிட்டானுங்கன்னு சிரிச்சேன். தொறந்துகூட பாக்காம கராஜ் தட்டுல தூக்கிப் போட்டேன்.

தொறந்திருந்தா இந்தக் கதையே இல்ல.

எங்க தோட்டத்துல ஒரு வழக்கம். புள்ளக்காம்பராவுக்குக் கீழ, வளைவுல ஒரு முனியாண்டி கல்லு. (புள்ளக்காம்பரான்னா, அம்மாமாரு மலைக்கு வேலைக்குப் போறப்ப சின்னப் புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம்.) லொறியோ காரோ, அந்தக் கல்லுக்கிட்ட நிறுத்தணும். டிரைவர் எறங்கிக் கும்புட்டுட்டு, வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்துதான் ஏறணும்.

அன்னைக்குக் காலையில மிஸ்ட்டு. பத்தடி தூரத்துல ஒன்னும் தெரியல. துரை தலவாக்கலையில ரயில் புடிக்கணும், நேரமாச்சு. நிறுத்தாத, போன்னுட்டாரு.

நிறுத்தல.

சரியா அந்த வளைவுலதான் முன்பக்கம் அடியில 'தொம்'முன்னு ஒரு தட்டு.

மேட்டுல இருந்து உருண்ட கல்லா இருக்கும்னு நெனச்சேன். நெனச்சதோட சரி.

துரைய ரயிலேத்திட்டுத் திரும்புறப்ப ஸ்டீரிங் கனக்க ஆரம்பிச்சிச்சு. திருப்புற நேரமெல்லாம் ஒரு மொனகல். குளிரு போலன்னு ரெண்டு கையாலயும் இழுத்துப் புடிச்சு ஓட்டிட்டு வந்து, பங்களா கராஜ்ல போட்டேன்.

கதவச் சாத்தக்கூட இல்ல. கீழ இருந்து ஒரு கூட்டமே ஏறி வருது.

எல்லாரும் ரோட்டப் பாத்துக்கிட்டே வர்றாங்க.

முனியாண்டி வளைவுல இருந்து கராஜ் வரைக்கும் சொட்டுச் சொட்டா செவப்பு! புள்ளக்காம்பராவுல விட்ட லெச்சுமியக் காணோம். மூணு வயசு. ஆயம்மா தேடாத எடமில்லன்னு கங்காணி சொன்னாரு. சொல்றப்ப என் மூஞ்சப் பாக்கல.

குனிஞ்சு பாத்தேன். காருக்கு அடியில இன்னும் சொட்டிக்கிட்டிருந்துச்சு. சிமெந்துல தேங்கிக் கெடந்துச்சு.

ஐயோ சாமி, என் உசுரு அப்பவே போயிருச்சு.

லெச்சுமியோட அம்மா மாரியாயி கூட்டத்த விலக்கிட்டு வந்துச்சு. கொழுந்துக் கூடை இன்னும் முதுகுல. அழுவல, கத்தல. என்னையக் கேட்டுச்சு:

"தட்டுச்சாண்ணே?"

"தட்டுச்சு."

"எறங்கிப் பாத்தீங்களா?"

தலைய மட்டும் ஆட்டுனேன், இல்லன்னு.

கங்காணி, கணக்குப்புள்ள, தடி தடியா ஆம்பளைங்க, ஒருத்தனும் அந்தச் செவப்பத் தொடல. பயம். நானும்தான். மாரியாயி மட்டும் மண்டி போட்டுச்சு. காருக்கடியில கையவிட்டு அந்தச் செவப்ப வழிச்சு எடுத்துச்சு. விரல தேச்சுப் பாத்துச்சு. மூக்குக்கிட்ட கொண்டு போச்சு.

"இது எண்ணெ"ன்னுச்சு.

அதுக்கப்புறம்தான் அழுதுச்சு. புள்ள இன்னும் கெடைக்கலயே!

எல்லாரும் நாலா பக்கமும் ஓடுனோம். ஒரு மணி நேரம் இருக்கும். எனக்கு ஒரு வருசம். கடைசில கொழுந்து நிறுக்குற மடுவத்துக் கொட்டகையில, சாக்குக் குவியலுக்குள்ள சுருண்டு தூங்கிக்கிட்டிருந்துச்சு. அம்மா பின்னாலயே வந்திருக்கு, மிஸ்ட்டுல வழி தெரியாம அங்க பூந்துருச்சு.

தூக்குனப்ப சிணுங்குச்சு பாருங்க, அந்தச் சத்தத்துக்கு ஈடா நான் இதுவரைக்கும் எதையும் கேட்டதில்ல.

பொறவு கராஜுக்குப் போயி அந்தத் 'தப்பான' டின்ன ஒடச்சேன்.

அதே செவப்பு.

கல்லு இடிச்சதுல அடியில ஸ்டீரிங்குக்கு எண்ணெ போற ரப்பர் ஓஸ் கிழிஞ்சிருக்கு. அந்த ஸ்டீரிங்குக்கு ஊத்துறதே ஆட்டோமேட்டிக் கியர் ஒயில்தானாம். கொழும்புக்காரன் சரியாத்தான் அனுப்பிருக்கான். மண்டையில ஒன்னுமில்லாதவன் யாருன்னு நீங்களே சொல்லுங்க.

லெச்சுமி இப்ப ராகலையில பேரப்புள்ளைங்களோட இருக்கு. இந்தப் பதிவுக்கு மொத லைக் அதுதான் போடும். (அதுக்கு இந்தக் கதையில தூங்குனது மட்டும்தான் ஞாபகம்.)

அம்பது வருசத்துக்கு மேல ஓட்டிட்டேன். அந்தக் கார்ல அன்னைக்கு எண்ணெதான் ஒழுகுச்சு. ஆனா தட்டுனப்ப எனக்கு அது தெரியாது. தெரியாமத்தான் நான் பாட்டுக்குப் போயிட்டேன். அதுதான் இன்னைக்கும் கவுண்டர்ல என்னைய உக்கார வச்சிருச்சு.

மாரியாயி என்கிட்ட கேட்டதத்தான் உங்ககிட்டயும் கேக்குறேன். கமென்ட்ல உண்மையச் சொல்லுங்க.

அவசரமாப் போறப்ப வண்டியில ஏதோ தட்டுச்சுன்னா, எறங்கிப் பாப்பீங்களா?