வைத்தவனுக்குத்தான் இடம் தெரியும்

அத்தானை நினைத்தால் முதலில் வருவது அவர் நடை. சித்திரை மாதம், விடிந்து சற்று நேரம், உளுந்து பிடுங்கி வெறுமையாகக் கிடக்கும் வயல். காதில் பெரிய ஹெட்போன், கையில் நீண்ட தடி, தடியின் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கறுப்பு வளையம். அதைத் தரையை ஒட்டி இடமும் வலமுமாக வீசிக்கொண்டு குனிந்தபடி போவார். வரப்பில் நின்று எவ்வளவு கூப்பிட்டாலும் கேட்காது. ஏதாவது ஒலித்தால் மட்டும் நிற்பார். நின்று, காலால் ஒரு கோடு கிழித்து, குறுக்கே இன்னொரு கோடு கிழித்து, அப்புறம்தான் மண்வெட்டியைத் தொடுவார்.

அவர் என் அக்காவின் கணவர். மஸ்கட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். வரும்போது தனக்கென்று அவர் வாங்கி வந்த ஒரே பொருள் அந்த மெட்டல் டிடெக்டர். அங்கே விடுமுறை நாட்களில் வெள்ளைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு மணலில் அலைவதைப் பார்த்து வந்த ஆசை. ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில். யாருடைய வயலிலும் கேட்காமல் இறங்க மாட்டார். கிடைத்ததெல்லாம் லாடம், அரிவாள் முனை, டிராக்டர் நட்டு, சோடா மூடிதான். ஒருமுறை நடவில் தொலைந்த வெள்ளிக் கொலுசு ஒன்று கிடைத்தது. அதற்கு உடையவளைத் தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். களை எடுக்கும் பெண்கள் விட மாட்டார்கள். "என்னங்க, பொதையல் பானை கெடச்சா மூடியாவது எங்களுக்குக் குடுப்பீங்களா?" என்பார்கள். "பானை தாசில்தாருக்கு, மூடி ஒனக்கு, பேப்பர்ல போட்டோ எனக்கு" என்பார் அத்தான்.

நான் சுற்றுவட்டார ஊர்களின் சிறு வரலாறுகளைத் திரட்டி வைப்பவன். ஆண்டு தெரியாத எதுவும் எனக்குப் பாதிப் பொருள்தான். அதனால் எங்கள் இருவருக்கும் பொருத்தம் நன்றாக இருந்தது. அவர் எடுப்பார், நான் எந்தக் காலத்தது என்று கேட்பேன். அந்த முதல் கருவிக்கு ஒரே ஒரு சத்தம். ஆணிக்கும் அதுதான், வெள்ளிக்கும் அதுதான். நம் களிமண்ணில் ஈரம் இருந்தால் ஒன்றுமில்லாத இடத்திலும் கத்தும். அத்தான் சலித்துக்கொண்டதே இல்லை. அவருடைய பேச்செல்லாம் இனி வரப்போகும் கருவிகளைப் பற்றியே இருக்கும். திரையில் எண் காட்டி இது இரும்பு, இது செம்பு என்று பிரிக்கும் கருவி வந்துவிட்டது என்பார். ஈர மண்ணுக்கு ஒன்று, உவர் மண்ணுக்கு ஒன்று என்று பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் கருவி வந்ததும் அதைப் பற்றி ஒரு வாரம் பேசினார். "இன்னும் கொஞ்ச வருஷம் மச்சான். ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கற மாதிரி, மண்ணுக்குள்ள கெடக்கறதப் படமாவே காட்டும். நம்மள மாதிரி வேடிக்கைக்குத் தேடறவன் கையிலயே வந்துரும்" என்பார். எதிர்காலத்தை அவ்வளவு நம்பிய மனிதரை நான் பிறகு சந்திக்கவில்லை.

ஒரு வைகாசியில், அவருடைய பெரியப்பா மகன் வயலில், அவர் அனுமதியோடுதான் இறங்கினோம். ஈசானிய மூலையில் கருவி ஒலித்தது. முழங்கை ஆழத்தில் சிறிய மண் கலயம், வாயில் அரக்கு. ஒரு பக்கம் விரிசல். விரிசலைச் சுற்றிக் களிமண் பச்சை பிடித்திருந்தது. உள்ளே சுருட்டிய செப்புத் தகடு ஒன்று தெரிந்தது. பழைய செப்பேடோ என்று என் மனம் ஒரு கணம் துள்ளியது. அத்தான் பார்த்தவுடன் கண்டுகொண்டார். மந்திரித்துப் புதைத்த தகடு. "மச்சான், இது நாம தொடுற சாமான் இல்ல" என்று மண்ணைத் தள்ளி மூடினார்.

எங்கள் பக்கத்தில், அடுத்தவன் நிலத்தில் தகட்டைக் கண்டவன் காணாதவன் போல வந்துவிடுவான். குடும்பத்துக்குள் கூடச் சொல்ல மாட்டான். அத்தானுக்கு வெளிநாட்டில் இருந்து இருந்து அது மறந்துபோயிருந்தது. கால் மண்ணைக்கூடக் கழுவாமல் நேராக அந்தப் பங்காளி வீட்டுக்குப் போய், "அண்ணே, ஒங்க வயல் மூலையில ஒரு தகடு இருக்கு. பெரியப்பா ஏதாச்சும் வெச்சாரான்னு பாருங்க" என்று சொன்னார்.

அந்த வீட்டில் இளைய பையனுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. பார்க்காத வைத்தியம் இல்லை, போகாத கோயில் இல்லை. தங்கள் வீட்டுக்கு யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் பல காலமாக அங்கே பேர் இல்லாமல் இருந்தது. அன்று அதற்குப் பேர் கிடைத்தது.

"ஏண்டா, இத்தன மா நெலத்துல அந்த ஒரு மூல மட்டும் ஒனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"மிஷின் சொல்லிச்சுண்ணே."

"மிஷினா சொல்லும்? வெச்சவனுக்குத்தாண்டா எடம் தெரியும்."

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அந்த வாக்கியம் போய்விட்டது. அத்தான் சிரித்துக்கொண்டே ஒரு காரியம் செய்தார். கோயில் திடலில் எல்லாரும் பார்க்க, யார் வேண்டுமானாலும் காசைப் புதைக்கட்டும், எடுத்துக் காட்டுகிறேன் என்றார். புதைத்தார்கள். ஒன்று விடாமல் எடுத்தார். கருவியின் வேலையை நிரூபித்துவிட்டதாக அவர் நினைத்தார். கூட்டம் கலைகிறபோது ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. "பாத்தியா? பொதைக்கறதும் எடுக்கறதும் இவருக்குக் கைவந்த கலையா இருக்கு."

தகட்டைப் பிரித்துப் பாருங்கள் என்று நான் மன்றாடினேன். எந்தத் தகட்டிலும் யாருக்காக வைத்தது என்று பேர் கீறியிருக்கும். பேர் தெரிந்தால் வைத்தவரும் காலமும் தெரிந்துவிடும். பங்காளி போய்க் கேட்ட மந்திரவாதியோ, பிரித்தால் பலித்துவிடும், ஓடுகிற தண்ணீரில் விடு என்று சொல்லியிருந்தான். வைகாசியில் குடமுருட்டியில் தண்ணீர் ஏது? மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேரும் வரைக்கும் தோண்டி எடுத்த அந்தத் தகடு மஞ்சள் துணியில் கட்டப்பட்டு அவர்கள் கொல்லை வேப்பமரத்தில் தொங்கியது. அக்கா வீட்டுக் கிணற்றடியிலிருந்து பார்த்தால் தெரியும். உள்ளே பேரை வைத்துக்கொண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நுரையும் சருகுமாகப் புதுத் தண்ணீர் வந்த அன்றே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அத்தானுக்கென்று இருந்த ஒரே சாட்சி எந்த வாய்க்காலுக்கோ கடலுக்கோ போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு அவரை யாரும் வயலில் இறங்க விடவில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்குத் 'தகடு' என்ற பேர் வந்தது. டீக்கடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மெல்ல எழுந்தார்கள். கருவி பரணுக்குப் போயிற்று. ஆனால் வரப்போகும் கருவிகளைப் பற்றிப் படிப்பதை அவர் விடவில்லை. படமாகக் காட்டுவது, ஆழம் சொல்வது எதிலும் இப்போது அவருக்கு ஆர்வம் இல்லை. ஒன்றே ஒன்றுதான் வேண்டும். "எத்தன வருஷமா மண்ணுல கெடக்குன்னு சொல்ற மிஷின் வரணும் மச்சான். செம்பு நாளாக நாளாக மண்ணுல ஊறும். பச்ச புடிச்சிருந்துச்சே, நீயும் பாத்தல்ல? ஒரு வருஷத்துல அப்படிப் புடிக்குமா?" என்று என்னிடம் எத்தனையோ முறை கேட்டார். புடிக்காது அத்தான் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். நம்பவேண்டியவன் நான் இல்லையே.

ஒரு மார்கழியில் இறந்துபோனார். பங்காளி வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. தீட்டுக் காக்க வேண்டியவர்கள், பிணம் எடுக்கும்வரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாதவர்கள். உடல் கூடத்தில் கிடக்கும்போதே அடுத்த வீடான அவர்கள் வீட்டிலிருந்து தாளிக்கும் வாசனை வந்தது. அக்கா மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாள் என்று வந்தவர்கள் நினைத்தார்கள்.

இந்த வைகாசியில் நான் அக்கா வீட்டில் இருந்தபோது பங்காளி வயலோரம் ஒரு கார் வந்து நின்றது. வந்தவர் செய்வினைத் தகடு எடுத்துக் கொடுப்பதைத் தொழிலாக வைத்திருப்பவராம். மந்திரவாதி கையில் இப்போது உடுக்கை இல்லை. அத்தான் ஏங்கிய அத்தனையும் இருந்தது. வண்ணத்திரை, கம்பி இல்லாத ஹெட்போன், எந்த உலோகம் என்று காட்டும் எண், எவ்வளவு ஆழம் என்று காட்டும் கோடு. பையனுக்கு வலிப்பு நிற்காததால் கூப்பிட்டிருந்தார்கள். ஊர் வரப்பில் கூடி நின்று பார்த்தது. இந்த முறை ஒருவரும் மிஷினா சொல்லும் என்று கேட்கவில்லை.

ஈசானியம் தவிர மற்ற மூன்று மூலைகளிலும் கருவி ஒலித்தது. மூன்றிலும் அதே கலயம், அதே அரக்கு. வந்தவர் தயங்காமல் தகட்டைப் பிரித்துப் புளி போட்டுத் தேய்த்துப் படித்தார். பங்காளியுடைய அப்பாவின் பேர் இருந்தது. "இது செய்வினை இல்லீங்க. காவல் கட்டு. ஒங்கப்பா நாலு மூலைக்கும் வெச்சிருக்காரு. வீட்டுக்கும் நெலத்துக்கும் நல்லது. ஒண்ணத்தான் யாரோ எடுத்துட்டாங்க" என்றார்.

என்னை அறியாமல் பங்காளியின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் வயதாகிவிட்டது. தலை குனிந்தபடி வரப்பேறி அக்கா வீட்டை நோக்கி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார், அத்தான் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடமாவது நிற்பார் என்று நிச்சயமாக நம்பினேன்.

அக்கா ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள்.

"எங்கப்பா போட்ட காவல்தாம்மா அது. நாலு மூலைக்கும் போட்டிருக்காரு" என்றார். "அன்னைக்கி அவன் மட்டும் நோண்டாம இருந்திருந்தா, கட்டு அப்படியே நின்னிருக்கும். எம்புள்ள நல்லாருந்திருப்பான்."

"ஆத்துல கொண்டுபோய் விட்டது யாருங்க?"

"அவன் வந்து காட்டினதாலதானே விட்டோம்?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. மளிகைக்கடையில் இல்லாத சாமானைக் கேட்டு நின்றவள் போலத்தான் இருந்தாள்.

"சரிங்க. அதையும் அவரு மேலயே போட்டுக்குங்க. எந்திரிச்சு வந்து இல்லன்னா சொல்லப் போறாரு?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவரோடு நானும் வெளியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.